கொரிய முறை நூடுல்ஸ் வதக்கும்போது விழுது அடிப்பிடிப்பதும் நூடுல்ஸ் குழைவதும் ஏன்?

கேள்வி: இரவுச்சமையல்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலை முடிந்து வந்தபின் அரைமணி நேரத்துக்குள் ஒருவருக்கோ இருவருக்கோ இரவு உணவு ஆக்க வேண்டிய நாள்களில், கொரிய முறையில் வதக்கிய நூடுல்ஸைச் செய்துகொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. கொச்சுஜாங் என்னும் புளிக்கவைத்த மிளகாய் விழுது, கொச்சுகாரு என்னும் கொரிய மிளகாய்த்தூள், சோயா சாஸ், வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் ஆகிய நான்கும் எப்போதும் கையிருப்பில் உள்ளன. நூடுல்ஸைப் பொறுத்தவரை, சில நாள் பொட்டலத்தில் வரும் ராமியோனை அதன் மசாலாத்தூளை ஒதுக்கிவிட்டுப் பயன்படுத்துகிறேன். சில நாள் தடித்த ஊடோன். வீட்டில் இருந்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் செய்த தங்மியோன்.

சுவையில் எனக்குக் குறையில்லை. பதம்தான் ஒரே மாதிரி அமைவதில்லை. காய்களை வதக்கி, கொச்சுஜாங்கை எண்ணெயில் இட்ட சில நொடிகளிலேயே அது வாணலியின் அடியில் பிடித்துக்கொண்டு கசக்கத் தொடங்குகிறது. அதற்கு அஞ்சித் தண்ணீர் ஊற்றினால் விழுது நீர்த்துப்போய், அது வற்றுவதற்குள் நூடுல்ஸ் குழைந்துவிடுகிறது. கொரிய உணவகங்களில் பரிமாறப்படும் தட்டில் ஒவ்வோர் இழையின் மேலும் சாஸ் மெல்லிய பூச்சாகப் பளபளப்புடன் பற்றியிருக்கும். தட்டின் அடியில் ஒரு துளிகூடத் தேங்கியிருக்காது. அந்தப் பதத்தை வீட்டு அடுப்பில் எட்ட முடியுமா என்பதே என் முதன்மையான கேள்வி.

இதனோடு வேறு சிலவற்றையும் அறிய விரும்புகிறேன். வெந்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்று சிலரும், அலசவே கூடாது என்று சிலரும் சொல்கிறார்கள், எது சரி? கொரியச் செய்முறைகளில் “ஒரு கரண்டி”, “ஒரு கோப்பை” என்று வரும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? தங்மியோனையும் கோதுமை நூடுல்ஸைப் போலவே கையாளலாமா? அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: வாணலி

வணக்கம். உங்கள் கேள்விகளுள் அடிப்பிடிப்பதும் குழைவதும் தனித்தனிச் சிக்கல்களாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே: தண்ணீரை எப்போது, எவ்வளவு சேர்ப்பது என்பது. கொரிய முறையில் வதக்கு நூடுல்ஸ் என்று பெயர் பெற்றிருப்பவற்றுள் பெரும்பாலானவை, கொதிக்கும் எண்ணெயில் நூடுல்ஸைப் புரட்டி எடுப்பவை அல்ல. சிறிதளவு நீரில் சாஸைக் கொதிக்கவிட்டு, அது வற்றிக்கொண்டிருக்கும் கடைசி நிமிடத்தில் நூடுல்ஸை உள்ளே இட்டு, இழைகளின் மேல் அதைப் பற்றவைப்பதுதான் அங்கே நடக்கிறது. பெருந்தீ இல்லாத வீட்டு அடுப்புக்கு இம்முறை நன்றாகவே ஒத்துவரும். எனவே உணவகத்து அடுப்பு நம்மிடம் இல்லையே என்ற கவலை தேவையில்லை.

இதற்குச் சான்றாக, 2012இல் சாம்யாங் என்னும் கொரிய நிறுவனம் வெளியிட்ட புல்தாக் வதக்கு நூடுல்ஸின் பொட்டலத்தில் அச்சிட்டுள்ள செய்முறையைப் பாருங்கள். 600 மில்லி நீரில் நூடுல்ஸை 5 நிமிடம் வேகவைத்து, ஏறத்தாழ எட்டுக் கரண்டி நீரை மட்டும் பாத்திரத்திலேயே நிறுத்திக்கொண்டு மிச்சத்தை வடித்துவிட்டு, சாஸை ஊற்றி 30 நொடி வதக்கச் சொல்கிறார்கள். அந்த எட்டுக் கரண்டி நீரில்தான் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது. நூடுல்ஸ் வெந்த நீரில் மாவுச்சத்து கரைந்திருக்கும். சாஸிலுள்ள எண்ணெயும் நீரும் பிரிந்து நிற்காமல் சேர்ந்து குழம்பாவதற்கும், அக்குழம்பு இழையை விட்டு வழியாமல் இருப்பதற்கும் அந்த மாவுச்சத்தே துணைபுரிகிறது. நீங்கள் குறிப்பிடும் பளபளப்பும் அதிலிருந்தே வருகிறது. குழாய் நீரை எவ்வளவு அளந்து ஊற்றினாலும் அந்தப் பிடிப்பு கிடைப்பதில்லை.

இனி விழுது கருகுவதைப் பார்ப்போம். கொச்சுஜாங்கில் மிளகாய்த்தூளும் உப்பும் புளிக்கவைத்த சோயா மாவும் இருப்பதோடு, பசையரிசி அல்லது கோதுமை போன்ற தானியத்தின் மாவுச்சத்தும், அது புளிக்கும்போது உண்டாகும் சர்க்கரையும் நிறைய இருக்கின்றன. கடைகளில் விற்கும் பெட்டிகளில் மாவுச்சத்துப் பாகும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கும். இவ்வளவு சர்க்கரையும் மாவுச்சத்தும் உள்ள கெட்டியான விழுது, புகை எழும் நிலையிலுள்ள எண்ணெயில் விழுந்தால் அடிப்பிடிக்காமல் வேறென்ன செய்யும்? ஆகவே விழுதைத் தனியாக எண்ணெயில் இடுவதை விட்டுவிடுங்கள். சாஸுக்குரிய எல்லாப் பொருள்களையும் ஒரு கிண்ணத்தில் முன்கூட்டியே நீரோடு கரைத்து வைத்துக்கொண்டு, அந்தக் கரைசலாகவே வாணலியில் ஊற்றுங்கள். பச்சை வாடை போக விழுது வேக வேண்டும் என்பது உண்மையே. ஆனால் கொதிக்கும் நீரிலும் அது வேகும்.

110 முதல் 120 கிராம் உலர் நூடுல்ஸ் கொண்ட ஒரு பொட்டலத்துக்கு நான் பயன்படுத்தும் அளவு இது. கொச்சுஜாங் ஒரு மேசைக்கரண்டி, சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, கொச்சுகாரு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, தட்டிய பூண்டு ஒரு தேக்கரண்டி, நூடுல்ஸ் வெந்த நீர் ஐந்து அல்லது ஆறு மேசைக்கரண்டி. பளபளப்பு இன்னும் கூடுதலாக வேண்டுமென்றால் சர்க்கரையில் பாதியைக் குறைத்துக்கொண்டு அதற்கு ஈடாகக் கொரியர்கள் சமையலுக்கு வைத்திருக்கும் மாவுச்சத்துப் பாகைச் சேர்க்கலாம். சோயா சாஸில் ஒரு கவனம் தேவை. சூப்புக்கென விற்கப்படும் கொரிய சோயா சாஸ் நிறத்தில் வெளிறியும் உப்பில் மிகுந்தும் இருக்கும். அதை இந்த அளவில் ஊற்றினால் வாயில் வைக்க முடியாது. வதக்கலுக்கும் பொரியலுக்கும் உரிய கருமையான வகையையே எடுங்கள்.

செய்முறையை வரிசையாகச் சொல்கிறேன். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே குளிர்ந்த வாணலியில் ஒன்றரை மேசைக்கரண்டி மணமற்ற எண்ணெயையும், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளின் வெண்பகுதியையும் இட்டு, மிதமான தீயில் மெல்லச் சூடேற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் நறுக்குகளின் ஓரங்கள் இளம்பொன்னிறமாகும். எண்ணெய் முழுவதும் வெங்காயத்தாளின் மணம் ஏறியிருக்கும். கொரிய வீடுகளில் வதக்கல்கள் பலவற்றுக்கும் இந்த எண்ணெயே அடித்தளம். விரைவுச் சமையலில் இதைவிடக் குறைந்த உழைப்பில் இவ்வளவு சுவை கூட்டும் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் தீயைக் கூட்டி, வெங்காயம், கேரட், முட்டைக்கோஸ் என்ற வரிசையில் இட்டு, நறுக்கென்ற தன்மை குறையாமல் இரண்டு நிமிடம் வதக்குங்கள். முட்டைக்கோஸ் நீர்விட்டுவிட்டால் சாஸின் கணக்கே மாறிவிடும். எனவே காய்கள் வாணலியின் அடியை மூடும் அளவுக்கு மேல் போக வேண்டாம்.

பக்கத்து அடுப்பில் நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கட்டும். பொட்டலத்தில் சொல்லியுள்ள நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். இழை வளையும், ஆனால் நடுவில் கடித்தால் சற்றே எதிர்க்கும். அதுதான் எடுக்க வேண்டிய பதம். மீதி வேக்காட்டை அது சாஸில் முடித்துக்கொள்ளும். எடுப்பதற்கு முன், அந்த நீரில் ஆறு மேசைக்கரண்டியை முகந்து சாஸ் கிண்ணத்தில் கலந்துவிடுங்கள்.

இப்போது சாஸை வாணலியில் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். இந்தக் கட்டத்தில் கடிகாரத்தைவிடக் குமிழிகளைக் கவனிப்பதே நல்லது. முதலில் சிறுசிறு குமிழிகள் வேகமாகப் பொங்கி உடையும். நீர் வற்ற வற்ற அவை பெரிதாகி, மெதுவாக, தடித்த ஓசையோடு வெடிக்கும். மரக்கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், கோடு ஒரு நொடி நின்று பிறகு மூடிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் நூடுல்ஸை இட்டு, தீயைக் குறைக்காமல், இடுக்கியால் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். கரண்டியால் அழுத்திக் கிளறினால் இழை அறுபடும். ஒரு நிமிடத்துக்குள் சாஸ் முழுவதும் இழைகளில் ஏறி, வாணலியின் அடி வெளியே தெரியும். அடுப்பை அணைத்தபின் வறுத்த எள்ளின் எண்ணெயில் ஒரு தேக்கரண்டியும், விரலிடுக்கில் நசுக்கிய எள்ளும் சேருங்கள். அந்த எண்ணெயின் மணம் சூட்டில் நிற்காது. வதக்குவதற்கே அதைப் பயன்படுத்துவது வீண்செலவு.

இடையிலேயே வறண்டு போனால் நூடுல்ஸ் நீரை ஒரு கரண்டி தெளித்துக்கொள்ளலாம். அதற்காகவே, பரிமாறி முடிக்கும்வரை அந்த நீரைக் கொட்டாமல் வைத்திருப்பது நல்லது.

அலசும் கேள்விக்கு, நூடுல்ஸின் வகையைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். பொட்டல ராமியோன் பெரும்பாலும் ஆவியில் வேகவைத்து எண்ணெயில் பொரித்து உலர்த்தப்படுவது. சூடான சாஸுக்குள் போகப்போகும் அதை அலசத் தேவையில்லை. அலசினால் மேலே படிந்த மாவுச்சத்து போய்விடும், சாஸ் வழுக்கும். உறைந்த ஊடோனைக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு, இழைகள் தாமாகப் பிரிந்ததும் வடித்தெடுத்தால் போதும். கட்டியாக இருக்கும்போதே பிய்த்தால் உடையும். மெல்லிய கோதுமை நூடுல்ஸான சோமியோனைக் கட்டாயம் குளிர்நீரில் தேய்த்து அலச வேண்டும், ஆனால் அது குளிர்ந்த சாஸில் பிசைந்து உண்பதற்கே ஏற்றது. வாணலியில் அதை வதக்க முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவுகளைப் பொறுத்தவரை, கொரியாவில் அளவுக் கோப்பை 200 மில்லி கொண்டது. அமெரிக்க முறையில் எழுதப்படும் கோப்பை ஏறத்தாழ 240 மில்லி. வீட்டுச் செய்முறைகளில் வரும் கரண்டியோ பெரும்பாலும் அவர்கள் சோறு உண்ணும் கரண்டி. தலைதட்டிய திரவ அளவில் அது 15 மில்லி மேசைக்கரண்டியைவிடச் சற்றுக் குறைவாகவே கொள்ளும், கொச்சுஜாங் போன்ற விழுதைக் குவித்து எடுத்தால் அதற்கு மேலும் போகும். ஆகையால் சோயா சாஸை முதலில் சிறிது குறைத்தே ஊற்றி, கடைசியில் சுவை பார்த்துச் சரிசெய்வது பாதுகாப்பானது.

மறுமொழி: எள்ளும்பூண்டும்

மேலே நண்பர் கோதுமை நூடுல்ஸைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். தங்மியோனை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்; ஏனெனில் அதற்கு மேற்சொன்னவற்றுள் பாதி பொருந்தாது.

தங்மியோனில் கோதுமையின் பசைப்புரதம் கிடையாது. அது முழுக்க முழுக்க மாவுச்சத்து. வெந்ததும் கண்ணாடியைப் போல் ஒளி ஊடுருவும், இழுத்தால் நீளும், கடித்தால் துள்ளும். ராமியோன் ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தால் குழைந்துவிடும். தங்மியோன் அந்த அளவுக்கு உடனே குழைவதில்லை. ஆனால் வடித்து வைத்த இரண்டு நிமிடத்திலேயே ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். எனவே இதைக் குளிர்நீரில் அலசியே ஆக வேண்டும். அலசி, நீரை நன்றாக வடித்து, உடனே சிறிது எண்ணெயும் சோயா சாஸும் பிசறி வைத்தால் இழைகள் தனித்தனியே நிற்கும். பிசறும்போதே நூடுல்ஸுக்கு உப்பும் நிறமும் ஏறிவிடுவதால் பிறகு சாஸ் மிகுதியாகத் தேவைப்படுவதும் இல்லை. நீளமான இழைகளைக் கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடங்களில் வெட்டிவிடுவதும் கொரிய வீடுகளில் வழக்கம். புரட்டவும் பரிமாறவும் அது எளிது.

விரைவாகச் செய்ய வேண்டுமென்றால் வேகவைத்து அலசும் வேலையைத் தவிர்க்கும் வழியொன்று உண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் 100 கிராம் தங்மியோனைச் சாதாரண நீரில் ஊறப்போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் ஊறினால் சிறப்பு; வெதுவெதுப்பான நீராக இருந்தால் அரைமணி நேரமும் போதும். பிறகு அகன்ற வாணலியில் சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, நீர் 150 மில்லி ஆகியவற்றைக் கொதிக்கவிட்டு, ஊறிய நூடுல்ஸை வடித்து அதில் இடுங்கள். நான்கைந்து நிமிடத்தில் நீர் முழுவதையும் அது உறிஞ்சிக்கொண்டு, வெண்மை மாறிப் பழுப்பு நிறக் கண்ணாடியிழையாகிவிடும். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் இரண்டு கரண்டி நீர் தெளித்துத் தொடருங்கள். உப்பும் இனிப்பும் இழையின் உள்ளேயே இறங்கிவிடுவதால், வேகவைத்து அலசிய நூடுல்ஸைவிட இதன் சுவை எனக்கு மேலானதாகப் படுகிறது.

இதில் கொச்சுஜாங் சேர்ப்பதைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் தங்மியோனின் அழகு அதன் தெளிவிலும் வழவழப்பிலும் இருக்கிறது. கெட்டியான சிவந்த விழுது அவை இரண்டையும் மறைத்துவிடுகிறது. சோயா சாஸும் பூண்டும் மிளகும் எள்ளெண்ணெயும் கொண்ட, ஜப்சே என்னும் கொரியக் காய்-நூடுல்ஸ் கலவையின் சுவைப்பாங்கே அதற்கு இசைவானது. ஜப்சே, கொரியாவை ஆண்ட குவாங்ஹேகுன் மன்னரின் காலமான 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அரண்மனையில் நூடுல்ஸ் இல்லாத காய்க்கலவையாகவே இருந்தது. தங்மியோன் அதில் இடம்பிடித்தது 20ஆம் நூற்றாண்டில்தான். இன்றும் அதைச் சிறப்பாகச் செய்பவர்கள் ஒவ்வொரு காயையும் தனித்தனியே வதக்கி, அதற்குரிய அளவு உப்பிட்டு, கடைசியில் நூடுல்ஸோடு பிசறுகிறார்கள் என்றால், காய்களே அங்கு முதலிடம் வகிப்பவை என்பதுதான் காரணம். வார நாள் இரவில் அவ்வளவு பொறுமை யாருக்கும் இராது. ஆனாலும் கீரையை மட்டுமாவது கொதிநீரில் அரை நிமிடம் அமிழ்த்திப் பிழிந்து, தனியே எள்ளெண்ணெய் பிசறி, கடைசியில் சேருங்கள். வாணலியில் நேராக இட்டால் அது நீர்விட்டு நூடுல்ஸை ஊறவைத்துவிடும். காளானை வேறெதையும் இடுவதற்கு முன் உலர்ந்த சூட்டில் நீர் வற்றும்வரை வதக்கிக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய தங்மியோன் குளிர்பெட்டியில் விறைத்து வெளுத்துப்போகும். மாவுச்சத்து குளிரில் மீண்டும் இறுகுவதால் நேர்வது அது. கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. இரண்டு கரண்டி நீர் தெளித்து மூடிபோட்டுச் சிறுதீயில் சூடாக்கினால் பழைய துள்ளல் திரும்பும். ராமியோனுக்கு இந்த வசதி கிடையாது. அதை அன்றே உண்டு முடித்துவிட வேண்டும்.

மறுமொழி: இரவுச்சமையல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சாஸை நீரில் கரைத்து ஊற்றி, குமிழிகள் தடிக்கும்வரை காத்திருந்து நூடுல்ஸைச் சேர்க்கும் முறையில் நேற்று செய்தேன். வாணலியின் அடி சுத்தமாக இருந்தது, சாஸும் இழைகளில் நன்றாகப் பற்றியது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. வார இறுதியில் நால்வருக்குச் சமைக்க வேண்டியிருக்கிறது. அவர்களுள் ஒருவர் இறைச்சி, மீன், முட்டை எதையும் உண்ணாதவர். இன்னொருவர் காரத்தை அதிகம் தாங்கமாட்டார். கொரியப் பொருள்களுள் எவற்றில் அசைவம் கலந்திருக்கும், சுவையும் நிறமும் குறையாமல் காரத்தை மட்டும் எப்படிக் குறைப்பது, எல்லா அளவுகளையும் நான்கால் பெருக்கினால் போதுமா என்பவற்றைத் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: தாவரத்தட்டு

நான் தாவர உணவு மட்டுமே உண்பவள். கொரியச் சமையலை விரும்பிச் செய்பவள். ஆகவே முதல் ஐயத்துக்கு விடை சொல்கிறேன்.

சாதாரணக் கொச்சுஜாங்கில் பெரும்பாலும் அசைவம் இருப்பதில்லை. ஆனால் மாட்டிறைச்சி சேர்த்து வதக்கிய கொச்சுஜாங் என்று ஒரு வகை குழாய்களிலும் சிறு புட்டிகளிலும் விற்கப்படுகிறது. நிறமும் பெயரும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டே வாங்க வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களுக்கும் அந்தப் பட்டியல் முக்கியமானது, ஏனெனில் கடை விழுதுகள் பலவற்றில் கோதுமை சேர்கிறது. சோயா சாஸிலும் அப்படியே. பொட்டல ராமியோனில் மசாலாத்தூளையும் உலர் துணுக்குகளையும் ஒதுக்கிவிடுவது நல்லது. மாட்டிறைச்சிச் சாறும் கடலுணவுச் சாறும் அவற்றில்தான் இருக்கின்றன. நூடுல்ஸ் கட்டியிலும் முட்டையோ வேறு சாறோ சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்களைக் காரமிட்டுப் புளிக்கவைக்கும் கிம்சியைப் பலரும் தாவர உணவென்றே நம்பிவிடுகிறார்கள். வழக்கமான கிம்சியில் உப்பில் ஊறிய இறாலோ நெத்திலிச் சாறோ கலந்திருக்கும். நூடுல்ஸில் கிம்சி சேர்க்க எண்ணினால் அவை இல்லாத வகையைத் தேடி வாங்க வேண்டும். சிப்பி சாஸுக்கு ஈடாகக் காளானில் செய்த சாஸ் கிடைக்கிறது.

மீனும் இறைச்சியும் தருகிற ஆழ்ந்த சுவை குறையுமே என்று கவலைப்பட வேண்டாம். உலர்ந்த ஷிட்டாக்கே காளானை வெந்நீரில் ஊறவைத்த நீரில், உள்ளங்கையில் பாதியளவு உலர் கடற்பாசித் தகட்டையும் இட்டுச் சிறிது நேரம் வைத்திருந்து, அந்த நீரில் சாஸைக் கரையுங்கள். கடற்பாசியைக் கொதிக்கவிடாதீர்கள், வழவழப்பும் கசப்பும் இறங்கும். நூடுல்ஸ் நீர் வேண்டாமென்று சொல்லவில்லை; இரண்டையும் பாதிப்பாதியாகக் கலந்துகொண்டால் பிடிப்பும் கிடைக்கும், சுவையும் கிடைக்கும். ஊறிய காளானைப் பிழிந்து மெல்லிதாக நறுக்கி, சோயா சாஸ் பிசறி முதலில் வதக்கிக்கொண்டால் கடித்து உண்பதற்கும் ஒன்று அமையும். கொரியப் பௌத்த மடாலயங்களில் இறைச்சியோடு பூண்டையும் வெங்காயத்தாளையும்கூட விலக்கி, காளான், கடற்பாசி, பெரில்லா எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டே மிகச் சுவையாகச் சமைக்கிறார்கள். உங்கள் நண்பர் பூண்டையும் தவிர்ப்பவரானால் இந்த வழி அப்படியே கைகொடுக்கும்.

அடுத்தது காரம். கொரியாவில் தயாராகும் கொச்சுஜாங் பெட்டிகள் பலவற்றில் காரத்தை ஐந்து நிலைகளாகக் குறித்திருப்பார்கள்; மிகக் குறைந்த நிலையிலுள்ளதை வாங்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதியை விழுதின் அளவைக் குறைத்துத் தீர்க்காதீர்கள்; அப்படிச் செய்தால் உப்பும் இனிப்பும் புளிப்பேறிய சுவையும் சேர்ந்தே குறைந்து, சாஸ் வெறுமையாகிவிடும். கொச்சுகாருவை நிறுத்திவிட்டு, காரமற்ற சிவப்பு மிளகாய்த்தூளைச் சேர்த்தால் நிறம் அப்படியே இருக்கும். கூடவே, காரம் தாங்காதவரின் தட்டில் மட்டும் பாலாடைக்கட்டியைத் துருவிப் போடுங்கள். மிளகாயின் காரப்பொருள் நீரில் கரைவதில்லை. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதமும் கொழுப்பும் அதைப் பற்றிக்கொண்டு நாவிலிருந்து அகற்றுகின்றன. குளிர்ந்த நீரைக் குடித்தால் எரிச்சல் அடங்காததும், பால் குடித்தால் அடங்குவதும் இதனால்தான். பொரித்த முட்டையை நூடுல்ஸின் மேல் வைத்து, உறையாத மஞ்சள்கருவை உடைத்துக் கலந்துகொள்வதும் காரத்தை மட்டுப்படுத்தும். முட்டை உண்பவருக்கு அது ஏற்ற வழி.

மறுமொழி: வாணலி

நால்வருக்குச் செய்வதைப் பற்றி நான் சொல்கிறேன். அளவுகளை நான்கால் பெருக்கலாம், ஆனால் நால்வரின் நூடுல்ஸையும் ஒரே வாணலியில் ஒரே முறையில் வதக்க வேண்டாம். வீட்டு அடுப்பின் சூட்டுக்கு 28 சென்டிமீட்டர் வாணலியில் இரண்டு பங்கு நூடுல்ஸ்தான் எல்லை. அதற்கு மேல் இட்டால் வாணலி ஆறி, சாஸ் வற்றுவதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்து, அந்த நேரத்தில் நூடுல்ஸ் குழைந்துவிடும்.

எனவே சாஸை நால்வருக்கும் சேர்த்து ஒரே கிண்ணத்தில் கரைத்து வையுங்கள். அதில் கொச்சுகாருவை மட்டும் சேர்க்காதீர்கள். காய்கள் முழுவதையும் முதலிலேயே இரண்டு தவணையாக வதக்கி ஒரு தட்டில் பரப்பி வைத்துவிடலாம். குவித்து வைத்தால் அவை சொந்த ஆவியிலேயே வெந்து துவண்டுவிடும். பிறகு முதல் தவணையாக, தாவர உணவு உண்பவருக்கும் காரம் தாங்காதவருக்கும் உரிய இரண்டு பங்கை வதக்கி எடுங்கள். இரண்டாம் தவணைக்கு எண்ணெயைக் காயவைத்து, வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி, கொச்சுகாருவை அதில் இட்டுப் பத்து நொடி கிளறுங்கள். எண்ணெய் சிவந்து மணம் எழுந்ததும் உடனே சாஸை ஊற்றி அடுப்பில் ஏற்றிவிடுங்கள். தீயின் மேலேயே வைத்திருந்தால் தூள் கருகி முழுத்தட்டும் கசக்கும். இந்த வரிசையில் செய்தால் இரண்டு தவணைகளுக்கும் நடுவில் வாணலியைக் கழுவ வேண்டிய தேவையும் எழாது.

நூடுல்ஸையும் தவணைக்கேற்ப இரண்டு முறையாகவே வேகவையுங்கள். முதல் தவணைக்குப் பயன்பட்ட நீரிலேயே இரண்டாவதையும் வேகவைக்கலாம். அதில் மாவுச்சத்து இன்னும் கூடுதலாக இறங்கியிருக்கும் என்பதால் இரண்டாம் தவணைச் சாஸ் விரைவாகத் தடிக்கும். அதற்கு ஏற்ப ஒரு கரண்டி நீரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.